‘ட்ரிங்கோமலி’ மாதிரிக் கப்பல்: மூன்று தடவை பிரித்துப் போட்ட மேல்தளம்

மூன்றாவது தடவை போட்ட மேல்தளம்தான் இப்போது மேசையில் இருக்கிறது. முதலிரண்டும் கழிவுக் கூடையில். படத்தில் கண்ட நிறத்தை அப்படியே நம்பியதில் முதலாவது போனது, மரத்தை அவசரப்பட்டு வாங்கியதில் இரண்டாவது போனது.

1782 செப்டம்பர் 3 இல் நம் திருகோணமலைக் கடலில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் பிரித்தானியத் தளபதி ஹியூஸும் மோதிய சண்டையின் பெயரைத் தாங்கிய கப்பல். பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி, 1817 ஒக்டோபர் 12 இல் நீரில் இறக்கியது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. கப்பலே இருக்கும்போது அதன் படம் போதாதா என்று தோன்றும். போதாது. 2001 இல் திருத்தி முடித்த காட்சிக் கப்பலின் தளம், கடலோடிய காலத்துத் தளத்துக்குச் சாட்சி ஆகாது. 1850களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் அதைவிட மோசம். அன்று படம் பிடித்த கொலோடியன் பூசிய கண்ணாடித் தட்டு நீல ஒளியைத்தான் நன்றாகப் பிடிக்கும், மஞ்சளும் பழுப்பும் அதில் இருண்டு விழும். வைக்கோல் நிறத் தளம் படத்தில் கறுத்த பலகையாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் முதல் தளத்துக்குக் கடும் பழுப்பு பூசினேன்.

ஆகவே முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள். 1819 இல் போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்து, 1840கள் வரை சேவையில்லாமல் கட்டிக் கிடந்தது. அப்படிக் கிடந்த கப்பல்களுக்கு மேலே கூரை போடுவார்கள். அதே ‘லீடா’ வகுப்பை, அதாவது ஒரே வடிவமைப்பில் கட்டிய கப்பல் வரிசையைச் சேர்ந்த ‘யூனிகோர்ன்’ ஸ்கொட்லாந்தின் டண்டியில் இன்னும் கூரையோடு நிற்கிறது. கூரைக்குக் கீழே வெயில் நரை வராது. நான் எடுத்தது 1852 முதல் 1857 வரை பசிபிக்கில் ஓடிய காலம், 26 பீரங்கிகளோடு.

வரைபடத்துக்காகக் கொழும்புக்கு இரவு ரயில் ஏறியது முழு வீண். ஓர் அலுவலகத்தில், “கடிதம் இல்லாமல் ஒண்டும் காட்டேலாது தம்பி” என்று கவுண்டரில் இருந்தவர் முடித்துவிட்டார். கடிதத்தோடு மறுபடி போனபோதுதான், அப்படி எதுவும் அங்கே இல்லையென்று சொன்னார்கள். இந்த வகுப்பு வரைபடங்கள் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நேரே மின்னஞ்சல் எழுதுங்கள். கப்பல் பெயரோடு ‘லீடா’ வகுப்பு என்றும் கேளுங்கள், இல்லாவிட்டால் பாதிதான் கிடைக்கும்.

நிறத்துக்குப் படத்தைவிட ஒரு துண்டுத் தேக்கு நல்ல சாட்சி. ஒரே பலகையில் இரண்டு துண்டு வெட்டி, மூன்று மாதம் வெயிலில் வைத்தேன். ஒன்றைத் தொடவில்லை. மற்றதைத் தினமும் கடல்நீர் ஊற்றி, மணல் போட்டு, கல்லால் தேய்த்தேன். போர்க்கப்பலில் காலையில் நடந்த வேலை அதுதான். தொடாதது சாம்பலாக நரைத்தது. வெயில் மரத்தின் நாரைப் பிணைக்கும் லிக்னினைச் சிதைக்க, மழை அதைக் கழுவிப்போகிறது. தேய்த்ததில் அந்த நரைத் தோல் தங்கவில்லை, வெளிறிய வைக்கோல் நிறத்தில் நின்றது. மாதிரிக்கு வேண்டியது இந்த நிறம். சாம்பலும் துருக்கறையும் கொட்டிய தளம் கைவிடப்பட்ட கப்பலுக்குத்தான் பொருந்தும்.

தேக்கை 1:72 அளவில் போடாதீர்கள். அதன் துளைகள் பள்ளம்போலத் தெரியும். மரக்காலையில் கேட்டால் முதிரையைத் தருவார்கள். அழகான மரம், ஆனால் நார் பின்னிக் கிடப்பதால் 1 மி.மீ. கனத்துக்குச் சீவும்போது பிய்கிறது, பளபளப்பும் அதிகம். இரண்டாவது தளம் அப்படித்தான் போனது. மஞ்சள் கடம்பு நேராக வந்தது. பலகை அகலம் 3.2 மி.மீ., நீளம் 100 மி.மீ. என வெட்டினேன். வாளின் வாயே 2 மி.மீ.க்கு மேல் தின்னும், மரத்தைக் கணக்குக்கு மேல் வாங்கி வையுங்கள்.

பலகைகளுக்கிடையே கீல் இட்ட இணைப்பைக் காட்ட மை வேண்டாம். நார் வழியே ஊறிப் பரவுகிறது. ஒவ்வொரு பலகையிலும் ஒரு விளிம்பில் மட்டும் 2பி பென்சிலை ஓட்டி ஒட்டுங்கள். இரு விளிம்பிலும் ஓட்டினால் கோடு தடித்து, கயிறு வைத்ததுபோல் இருக்கும். காய்ந்ததும் பிளேடால் சுரண்டுங்கள். சாண்ட் பேப்பர் போட்டால் கரித்தூள் பரவித் தளமே அழுக்காகும். பிறகு பளபளப்பில்லாத (மட்) வார்னிஷை மெல்லியதாக. அதற்கு மேல்தான் பழுப்பு எண்ணெய்ச் சாயத்தைத் தண்ணீர்போல் மெல்லிதாகக் கரைத்து, பீரங்கிச் சக்கரம் ஓடும் இடத்திலும் ஏணியடியிலும் மட்டும் தடவித் துடைத்தேன். வார்னிஷ் இல்லாத துண்டில் அதே சாயம் உள்ளே இறங்கிவிட்டது, எடுக்கவே முடியவில்லை.

டச்சுக் குடாப் பக்கம் காலை வெயிலில் வைத்துப் பார்த்தபோது, தேய்த்த தேக்குத் துண்டும் தளமும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நிறமாக நின்றன.