பூச்சுக்கு முன்னாடி பைப்பு, கேமராலாம் அப்புறம்

சேலம் கன்னங்குறிச்சி பக்கம் வீடு கட்டிட்டு இருக்கோம்னு சொன்னா எல்லாரும் மொதல்ல கேக்குறது "என்ன கேமரா போடப்போறீங்க"ன்னு தான். அதெல்லாம் குடிபோனதுக்கு அப்புறம் கூட யோசிக்கலாம்ங்க, எப்படியும் சில வருஷத்துல மாத்தத்தான் போறோம். ஆனா கேமரா ஒயருக்காக சுவத்துக்குள்ள போற பைப்பு அப்படி இல்ல, பூசி பெயிண்டும் அடிச்சுட்டா அப்புறம் காடி வெட்டணும், இல்லன்னா வெள்ளை சுவத்துல கேசிங் பட்டிய ஒட்டிட்டு தெனமும் அதையே பாத்துட்டு இருக்கணும். மேல்தளத்துல போறது இன்னும் மோசம், கம்பி கட்டும்போதே பைப்ப போட்டாத்தான் உண்டு.

எலக்ட்ரீசியன் தம்பிகிட்ட சொன்னப்ப "எதுக்குண்ணா, வைஃபை கேமரா வாங்கி மாட்டிக்கங்க"ன்னான். சரிப்பா, வைஃபைக்கு சிக்னல் காத்துல வரும், கரண்டும் காத்துலயா வரும்? எப்படியும் ஒரு ஒயர் போய்த்தான ஆகணும். அதுக்கு கேட்6ங்கற நெட்வொர்க் கேபிள் ஒன்ன இழுத்துட்டா படமும் கரண்டும் அதுலயே போயிடும், பிஓஇ (பவர் ஓவர் ஈதர்நெட்)ம்பாங்க. இதுல பெரிய சவுகரியம் கரண்ட் கட்டுதான், பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு நிறுத்துனா சாயங்காலம் வரைக்கும் வராது நம்மூருல, கேமரா கேபிளெல்லாம் வந்து சேர்ற பிஓஇ சுவிட்சு பெட்டிக்கும், படத்த பதியற ரெக்கார்டருக்கும் மட்டும் இன்வெர்டர் லைன் குடுத்துட்டா எல்லா கேமராவும் ஓடிட்டே இருக்கும். சாதா வீட்டு கேமரா பத்து வாட்டு கூட இழுக்காது.

கேபிள் வாங்குறப்ப மட்டும் கொஞ்சம் உஷாரா இருங்க. 305 மீட்டர் பெட்டி ரொம்ப சல்லிசா கெடைக்குதுன்னா அது பெரும்பாலும் அலுமினியத்து மேல செம்பு முலாம் பூசுனதா இருக்கும், கம்பிய பிளேடால சொரண்டி பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா வேணாம். நீளமா போனா வோல்டேஜ் இறங்கிடும், ராத்திரி இருட்டுல படம் தெரியறதுக்கு கேமராவுலயே இருக்குற ஐஆர் (அகச்சிவப்பு) லைட்டு எரிய ஆரம்பிச்சதும் கேமரா ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வரும்.

பைப்பு 25 எம்எம் போடுங்க, கரண்டு ஒயரோட சேக்காம தனியா. திரும்புற எடத்துல எல்போ வச்சா கேபிள் போய் முட்டி நிக்கும், நீளமான பெண்டு தான் சரி. அப்புறம் கேபிள இழுக்க, உள்ள ஒரு நைலான் கயிறு விட்டு வைக்கணும். வெளிய வர்ற வாய் கொஞ்சம் கீழ் பாத்த மாதிரி சாஞ்சு இருக்கணும், இல்லன்னா மழைத்தண்ணி சுவத்துக்குள்ள எறங்கும். வாய கேப் போட்டு மூடிடணும், மறந்தா கொத்தனாரு கலவைய அடைச்சிருப்பாரு, அவரு விட்டா குளவி விடாது. அப்புறம் கேமராவுக்கு பின்னாடி ஒரு சாண் நீளத்துக்கு வால் மாதிரி ஒரு ஒயர் வருமே, அந்த ஜாயிண்டு ஒளிய ஒரு பாக்ஸ் வேணும், அதையும் இப்பவே பதிச்சுடுங்க.

எடம் பாக்குறதுல தான் வீட்ல ஆளாளுக்கு ஒரு கருத்து. அம்மாவுக்கு மொட்டமாடில ஒன்னு வேணுமாம், மலை அடிவாரங்கறதால குரங்கு வந்து வத்தல அள்ளிட்டு போவுது, அத நேர்ல பாத்து வெரட்டணும்னு. போடலாம், ஹெட்ரூம் வரைக்கும் பைப்பு போவுது. கேட்ட பாக்குற கேமராவ மாடி உசரத்துல வச்சா வர்றவன் தலை தான் தெரியும், மூஞ்சி தெரியாது, ஒன்பது பத்தடில வைங்க. சன்ஷேடுக்கு ஒட்டி வைக்காதீங்க, ராத்திரி ஐஆர் வெளிச்சம் சிமெண்டுல பட்டு திரும்பி படம் பூரா வெள்ளையா வரும்.

இதே தான் ஏற்காட்டுல மச்சான் வீட்ல, அங்க சிமெண்டு இல்ல, பனிமூட்டம். கேமராவோட சொந்த ஐஆர் பனில பட்டு திரும்பிடுது. அதுக்கு லைட்ட கேமராவ விட்டு தள்ளி பக்கவாட்டுல தனியா போடணும், அதுக்கு ஒரு கரண்டு பைப்பு. அவங்க எஸ்டேட் கேட்டு வீட்டுலேருந்து ரொம்ப தூரம், ஈதர்நெட் கேபிள் 100 மீட்டருக்கு மேல கணக்குல கெடையாது, அதோட சித்திரை வைகாசி இடி வேற. ஃபைபர், அதாவது கண்ணாடி இழை கேபிள் தான் போடச் சொல்லிருக்கேன், அதுல செம்பு இல்லாததால வெளிய விழற இடி அது வழியா வீட்டுக்குள்ள ஏறி வராது.

ரெக்கார்டர டிவி ஸ்டாண்டுல வைக்காதீங்க, திருட வந்தவன் அதையும் சேத்து தூக்கிட்டு போயிடுவான். காத்தோட்டம் இருக்குற லாஃப்ட்டோ அலமாரியோ பாத்து எல்லா பைப்பையும் அங்க கொண்டு போய் முடிங்க. டிஸ்க்கு கணக்கும் சொல்லிடறேன், ஒரு கேமரா செகண்டுக்கு 4 மெகாபிட்னு வச்சா நாளுக்கு 43 ஜிபி, நாலு கேமரான்னா 2 டிபி டிஸ்க்கு பதினோரு நாளு தான் தாங்கும். ஊருக்கு போய் ரெண்டு வாரம் தங்குற ஆளுங்க 4 டிபியா வாங்கிக்கங்க.