டர்னர் வேலையிலிருந்து தொழிற்கல்வி வகுப்புக்கு

கோயமுத்தூர் கணபதி பக்கம் பம்ப் ஷாஃப்ட் கடையும் ஒரு ஜாப் ஆர்டர் பட்டறையில் டர்னராக, அதாவது லேத் மெஷினில் இரும்பைச் சுழல விட்டுக் கடைபவனாக இருந்தேன். இப்போது உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அடிப்படை இயந்திரவியல் நடத்துகிறேன். நிர்வாகம் சம்பளம் தரும் பணியிடம். "நாங்களும் வரலாமுங்களா, என்னென்ன வேணும்?" என்று பட்டறைக்காரர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

முதலில் காகிதம். ஐடிஐ டர்னர் சான்றிதழ் என்னிடம் இருந்தது. பட்டறை வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் பகுதிநேர டிப்ளமா முடித்தேன். பள்ளி நிர்வாகம் முக்கியமாகக் கேட்டது இந்த டிப்ளமாவைத்தான். அடுத்தது அனுபவச் சான்று. சின்னப் பட்டறைகளில் வேலை செய்தவர்கள் திண்டாடுவது இங்கேதான். வருசக்கணக்கில் உழைத்திருப்போம், எழுத்தில் ஒன்றும் இருக்காது. எங்கள் முதலாளி அண்ணன் லெட்டர்பேடில், சேர்ந்த தேதி, எந்த மெஷினில் என்ன வேலை என்பதோடு எழுதிக் கொடுத்தார். கூடவே பிஎஃப், இஎஸ்ஐ பதிவும் இருந்ததால் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. பட்டறையை விட்டு நிற்பதற்கு முன்பே இவற்றை வாங்கி வைத்துவிடுங்கள். அரசுப் பணி வேண்டுமென்றால் ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிப்பை வரிவரியாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். யாரோ சொன்னார் என்று பணம் கட்ட வேண்டாம்.

இடையில் சென்னை கிண்டியில், ஏடிஐ என்று பழைய ஆட்கள் சொல்லும் தேசியத் திறன் பயிற்சி நிலையத்தில் சிஐடிஎஸ் படித்தேன். நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும், ஒரு வருசப் படிப்பு. ஐடிஐ பயிற்றுநர்களுக்கான பயிற்சி அது. எங்கள் பள்ளியில் அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் அது இல்லாமல் வகுப்புக்குள் நுழைந்திருந்தால் என்னால் தாக்குப்பிடித்திருக்க முடியாது. வருமானம் இல்லாத அந்த வருசத்தை வீட்டில் தையல் மெஷின் மிதித்து என் மனைவிதான் ஓட்டினார். இதை யோசிப்பவர்கள் வீட்டில் முதலில் பேசிவிட வேண்டும்.

கிண்டியில் நான் கற்றது லேத் வேலை அல்ல, அதை வாயால் சொல்ல. பட்டறையில் ஒரு பையன் சேர்ந்தால் பக்கத்தில் நின்று பார்ப்பான், திட்டு வாங்குவான், ஒருநாள் கை பழகிவிடும். யாரும் எதையும் விளக்குவதில்லை. ஷாஃப்ட் கடையும்போது வேகம் சரியா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். ஆனால் பயிற்சியில் ஒவ்வொரு பாடத்துக்கும் பாடக்குறிப்பு எழுதச் சொன்னார்கள்: ஆயத்தம் செய்வது, செய்து காட்டுவது, பிள்ளையைச் செய்ய வைப்பது, பிறகு சோதிப்பது. செய்து காட்டும்போது கை வேலை செய்ய, வாயும் ஓய வேண்டாம் என்றார் பயிற்றுநர். டூல் பொருளைத் தொட்டதும் எனக்குப் பேச்சு நின்றுவிடும். அந்தப் பழக்கம் போக ரொம்ப நாளானது.

சத்தத்துக்குப் பின்னால் இருந்த கணக்கும் அங்கேதான் எனக்குள் உட்கார்ந்தது. மைல்டு ஸ்டீல் என்ற சாதாரண இரும்பை ஹெச்எஸ்எஸ் என்ற அதிவேக எஃகு டூலால் கடைய, வெட்டு வேகம் நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று வைப்போம். விட்டம் 25 மி.மீ. என்றால், 1000-ஐ 30-ஆல் பெருக்கி, 3.14-ஐயும் 25-ஐயும் பெருக்கி வந்ததால் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 382 சுற்று. லேத்தில் அதற்குக் கீழே கிடைக்கும் வேகத்தைப் போடுகிறோம். டேப்பரும், அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சரிவாகக் குறுகும்படி கடைவதும் இப்படித்தான். 50 மி.மீ. நீளத்தில் 40-லிருந்து 30 விட்டத்துக்கு இறங்க வேண்டுமென்றால் விட்ட வித்தியாசம் 10-ஐ, நீளத்தின் இரு மடங்கான 100-ஆல் வகுக்கிறோம். டேன் மதிப்பு 0.1, டூலைத் தாங்கும் காம்பவுண்ட் ரெஸ்ட்டைத் திருப்ப வேண்டியது 5 டிகிரி 43 நிமிடம். "இந்த டேன் எதுக்குங்க சார், கணக்குப் புஸ்தகத்துல மட்டுந்தானுங்களே வரும்?" என்று கேட்ட ஒரு தம்பி, தானே கடைந்த துண்டு ஸ்லீவ் என்ற குழலுக்குள் ஆடாமல் உட்கார்ந்ததும் அதைக் கையை விட்டு இறக்கவே இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசம் எந்த ஆர்டர் முடித்தபோதும் வந்ததில்லை.

பாதுகாப்பில் மட்டும் நான் இளகுவதில்லை. பொருளைப் பிடிக்கும் சக்கை இறுக்கும் சாவியைக் கழற்றிக் கையில் எடுக்காமல் யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. முழுக்கைச் சட்டையோ, துப்பட்டாவோ, தொங்கும் சடையோ, கையுறையோ லேத் பக்கம் வரவே கூடாது. சுருள் சுருளாக வரும் இரும்புக் கழிவைக் கொக்கியால்தான் இழுக்க வேண்டும். பட்டறையில் விரலிழந்தவர்களோடு சேர்ந்து டீ குடித்தவன் நான். "விடுங்க சார், ஒருதடவைதானுங்களே" என்பது என்னிடம் எடுபடாது.

சம்பளம் பட்டறையில் ஓவர்டைமோடு வாங்கியதைவிடக் குறைவு. பள்ளி லேத்துகள் பழசு. அவற்றைச் சரிசெய்வதும் எங்கள் வேலையே. பெரிய பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டுதான் செய்கிறேன். பிரித்துப் பூட்டும்போது அவர்கள் கற்பது வேறு எப்படியும் வராது.

எனக்குப் பெரிய வேலை பெற்றோரிடம்தான். "மார்க் வராத பையனுக்குத்தானுங்க இந்தக் குரூப்பு" என்று தலைகுனிந்து வருகிறார்கள். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டார் செய்து காட்டிய ஊரில் இப்படிக் கேட்க எனக்குத் தாங்குவதில்லை. உட்கார வைத்துச் சொல்கிறேன்: இதைப் படித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்விப் பிரிவுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. பிறகு பையனை லேத் அறைக்குக் கூட்டிப் போய், வெர்னியர் அளவுகோலைக் கையில் கொடுத்து, அப்பாவின் சாவிக்கொத்தில் ஒரு சாவியின் தடிமனை அளக்கச் சொல்வேன். சேர்க்கை விண்ணப்பத்தை அதற்கப்புறம்தான் எடுப்பது.