பெட்ராவுக்கு வாழ்க்கைப்பட்டவர்

பெட்ரா என்ற பழைய பாறை நகரத்தில், சீக் இடுக்குப் பாதையைத் தாண்டியதும் பாறையில் குடைந்த கஸ்னா முகப்பின் முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும்தான். 50 தினார் டிக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டு எடுக்காமல் வர மனசு வருமா? ஆனால் என்னை ஜோர்டானுக்கு இழுத்தது ஒரு கல்யாணக் கதை.

1978-இல் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் நியூசிலாந்து நர்ஸ் மார்கரீட் வான் கெல்டர்மால்சன். நினைவுப்பொருள் விற்றுக்கொண்டிருந்த பெடூயின் (அரபு நாடோடி இனம்) இளைஞர் முகமது அப்துல்லா, தன் குகையில் தங்கிக்கொள்ளச் சொன்னார். அந்த வருடமே இருவருக்கும் கல்யாணம்.

எங்கள் வழிகாட்டி கதையை அதோடு முடித்துவிட்டார். வெள்ளைக்காரப் பெண், குகை, காதல்: பயணிகளுக்கு இது போதும் என்பது அவர் கணக்கு. எனக்குப் போதவில்லை. ஆசைக்கு ஓரிரவு குகையில் தூங்கலாம். கழுதையில் தண்ணீர் சுமந்து வந்து அங்கே குடித்தனம் நடத்துவது லேசா? மார்கரீட் நடத்தினார். அரபி கற்றார், மூன்று பிள்ளைகளை வளர்த்தார், அங்கிருந்த மருத்துவ நிலையத்தில் நர்ஸாக வேலை பார்த்தார். ஊரார் அவரைத் தங்களில் ஒருத்தியாக நினைத்ததற்குத் தாலி கட்டியவரைவிட இந்த ஊசி மருந்துதான் பெரிய காரணம் என்பது என் கட்சி.

வழியில் ஒரு பாட்டி ஷ்ராக் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். மாவு உருண்டை கைக்குக் கை மாறி மாறி விழுந்து ரூமாலி ரொட்டிபோல விரிந்தது. கவிழ்த்த இரும்புச் சட்டியில் போட்ட வேகத்தில் கொப்புளம் கிளம்பியது. கூடவே மரமியா என்ற மூலிகை இலை போட்ட டீ, சர்க்கரை தூக்கல்.

1985-இல் பெட்ராவை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அந்தச் சமயத்தில்தான் குகைகளில் இருந்த பதூல் என்ற பெடூயின் குலத்தாரை அரசு அம் சைஹூன் என்ற புதுக் குடியிருப்புக்கு மாற்றியது. மார்கரீட் குடும்பமும் போனது. 2002-இல் கணவர் இறந்தார். வெளிநாடு போன மார்கரீட், தன் வாழ்க்கையைப் புத்தகமாக்கி 2006-இல் வெளியிட்டார். பிறகு பெட்ராவுக்கே திரும்பிவிட்டார். எனக்கு 1978-ஐவிட இந்தத் திரும்பல்தான் பெரிய காதலாகத் தெரிகிறது.

வழிகாட்டியும் அம் சைஹூன்காரர்தான். தம்பிக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்களாம். பெண் வெளிநாடா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். "பக்கத்துத் தெருதான்" என்றார். "பெண் கிடைத்துவிட்டாள். வீடு கட்ட இடம்தான் கிடைக்கவில்லை."