உதைக்குது சார்

ஆண்டுக் கணக்கை முடிப்பதற்கு முந்தைய நாள் மாலை. "இந்த சப்ளையர் பாக்கி கொஞ்சம் உதைக்குது சார்" என்று, என் கீழ் வேலை பார்த்த பெண் என் மேஜைக்கு வந்து நின்றாள். நான் கேட்டது ஒன்றுதான்: "நாளைக்குள்ள முடிஞ்சிடும்ல?" "முடிஞ்சிடும் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, ஒரே பில் இரண்டு முறை பதிவாகி, இரண்டு முறையும் பணம் போயிருக்கிறது. பணம் திரும்பி வந்துவிட்டது, சரி. அப்புறம் அந்த எக்செல் கோப்பைத் திறந்தேன். ஒரு வரியில் சப்ளையர் பெயரில் எழுத்துப்பிழை இருந்திருக்கிறது. அன்று மாலை அதைத் திருத்தியவன் நான். திருத்திய பிறகு, மேலும் கீழுமாக இரண்டு வரிகளும் அச்சு அசலாக ஒன்றுபோல நிற்கின்றன. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. நுரையீரல் சிடி ஸ்கேன் படங்களைக் கொடுத்து, சிறு கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். பார்த்தவர்கள் 24 கதிரியக்க மருத்துவர்கள். ஒரு ஸ்கேனில், வழக்கமான கட்டியைவிட 48 மடங்கு பெரிதாக ஒரு கொரில்லா படத்தைச் செருகியிருந்தார்கள். 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் கண்கள் கொரில்லா இருந்த இடத்திலேயே நின்று போயிருந்தன என்று கண்ணசைவுப் பதிவு காட்டியது. படித்தபோது மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தேடுவது ஒன்றாக இருந்தால் மற்றது தெரியாது, மனித இயல்பு என்று. ஆனால் அவர்களிடம் யாரும் வந்து "இங்கே ஏதோ இருக்கு" என்று சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள்.

அந்த வருடம் கணக்கைக் குறித்த தேதியில் முடித்தால்தான் எனக்குப் பதவி உயர்வு. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் தாமதம். 'உதைக்குது' என்று வந்த ஒவ்வொன்றுக்கும் நின்றிருந்தால் அந்த வருடமும் முடிந்திருக்காது. இதை இன்றும் நம்புகிறேன். ஆனால் அவள் கொண்டுவந்தது ஒவ்வொன்றையும் அல்ல, அது ஒன்றைத்தான்.

அவளுக்கும் அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. நான் தேதியைக் கேட்டதும் அவளுக்கும் அந்தப் பாக்கி மறைந்து, தேதி மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். இப்படி எழுதும்போது பாதிப் பழியை அவள் தலையில் இறக்கி வைப்பதுபோலத் தோன்றுகிறது. இருந்தாலும் அந்த எண்ணம் போகமாட்டேன் என்கிறது.

விசாரணை வந்தபோது "நான் அன்னைக்கே சொன்னேனே" என்று அவள் சொல்லவில்லை. அவள் சொன்னாள் என்று நானும் சொல்லவில்லை.