பன்னிரண்டும் டிரா

நவம்பர் 9, 2018

லண்டனில் உலக சதுரங்க சாம்பியன்ஷிப் தொடங்கிவிட்டது. உலக சாம்பியன் கார்ல்சனும் அவருக்குச் சவால் விடும் கருவானாவும் பன்னிரண்டு ஆட்டங்கள் மோதுகிறார்கள். திறமையை அளக்கும் புள்ளியான ரேட்டிங்கில் கார்ல்சன் 2835, கருவானா 2832. முதல் ஆட்டமே ஏழு மணி நேரம், 115 நகர்த்தல்! கறுப்பில் ஆடிய கார்ல்சன் ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம் இது. 40-ஆவது நகர்த்தலை நெருங்கும்போது கருவானாவின் கடிகாரத்தில் நேரமே இல்லை. ஆனாலும் வெற்றி நழுவிவிட்டது. அப்புறம் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு, யானை இறுதியாட்டத்தில் விடாமல் நெருக்கிப் பார்த்தார். கருவானா அசைந்து கொடுக்கவில்லை.

நவம்பர் 16

ஆறாவது ஆட்டம், 80 நகர்த்தல், டிரா. ‘மறுபடியும் டிராவா’ என்று சலித்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பெட்ராஃப் தற்காப்பு என்ற தொடக்க முறையில் தொடங்கி, கருவானா கறுப்புக் காய்களால் உலக சாம்பியனைத் திணறடித்திருக்கிறார். கடைசியில் கருவானாவிடம் ஒரு குதிரை கூடுதல். கார்ல்சனிடம் பிஷப்பும் சில சிப்பாய்களும்தான். அதை வைத்தே எதிராளி உடைத்து நுழைய முடியாத அரண் அமைத்துத் தப்பித்துவிட்டார்.

நவம்பர் 17

68-ஆவது நகர்த்தலில் கருவானாவுக்கு வெற்றி இருந்ததாம். கணினி காட்டிய வழியைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். முதலில் பிஷப் எச்4 கட்டத்துக்கு. அடுத்து குதிரை இ2-க்கு, அங்கிருந்து ஜி1-க்கு. பலகையின் ஓரத்தில், தப்பிக்க வழியில்லாத கட்டத்தில், தன் குதிரையைத் தானே கொண்டுபோய் அடைக்க வேண்டும்! அதற்குப் பிறகும் எதிராளியின் ராஜாவை மடக்கி ‘மேட்’ வைக்க முப்பதுக்கு மேல் நகர்த்தல்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து ஆடிய மனிதருக்கு இது தோன்றவில்லை என்று குறை சொல்வது அநியாயம். கருவானா குதிரையை எஃப்3-க்குக் கொண்டுபோனார். நானாக இருந்தாலும் அதைத்தான் ஆடியிருப்பேன்.

நவம்பர் 26

பன்னிரண்டாவதும் டிரா. உலக சாம்பியன்ஷிப் வரலாற்றில் முக்கிய ஆட்டங்கள் அத்தனையும் டிராவானது இதுவே முதல்முறை. ஆனால் இன்றைய டிரா மனசுக்கு ஒப்பவில்லை. கறுப்பில் ஆடிய கார்ல்சனுக்கு நிலையும் சாதகம், நேரமும் அதிகம். 31-ஆவது நகர்த்தலிலேயே டிரா கேட்டுவிட்டார். இனி சமநிலையை உடைக்கும் டைபிரேக் ஆட்டங்களில் கார்ல்சன்தான் ஜெயிப்பார் என்று சொல்ல முடியாது என்கிறார் முன்னாள் உலக சாம்பியன் காஸ்பரோவ்.

நவம்பர் 28

டைபிரேக்கின் ரேபிட் எனும் வேக ஆட்டங்களில் கார்ல்சன் 3–0 என்று ஜெயித்துவிட்டார். சரி, வேக ஆட்டத்தில் தன் கை ஓங்கும் என்று அவர் போட்ட கணக்கு தப்பவில்லை. என்றாலும் பன்னிரண்டாவது ஆட்டத்தை அவர் ஆடி முடித்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாளை அந்த நிலையை வைத்து, கறுப்பின் பக்கமிருந்து மிச்சத்தை ஆடிப் பார்க்கப் போகிறேன்.