‘தற்காலிகமாக’ மூடப்பட்ட எங்கள் பூங்காப் பாலம்

எங்கள் பூங்காவுக்கு நடுவே ஒரு கால்வாய் ஓடுகிறது. இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் விளையாட்டுத் திடல், அதைத் தாண்டினால் பள்ளிக்கூடமும் பேருந்து நிறுத்தமும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நடைபாலம், நீளம் இருபது மீட்டர் இருக்கும், அகலம் இரண்டு மீட்டர், அடியில் இரும்பு உத்திரம், மேலே மரப்பலகை. பத்து வருடமாகத் தினமும் அதில் நடந்திருக்கிறேன், ஒரு நாள்கூட நின்று பார்த்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை மகனைப் பள்ளிக்குக் கூட்டிப் போனால் பாலத்துக்குக் குறுக்கே இரும்புத் தடுப்பு. அதில் கம்பியால் கட்டிய ஒரு பலகை: ‘பாதுகாப்புக் காரணங்களுக்காக இப்பாலம் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது.’ அவ்வளவுதான். யார் மூடினார்கள், எப்போது திறப்பார்கள், யாரிடம் கேட்பது, எதுவும் இல்லை. சரி, ஒரு வாரம் ஆகும் போல என்று நினைத்துக்கொண்டு திரும்பினோம். அந்த ஒரு வாரம் பதிமூன்று மாதம் ஆனது.

சுற்றுப்பாதை என்றால் பூங்காவை விட்டு வெளியே வந்து, பெரிய சாலையில் நடந்து, வாகனப் பாலத்தைக் கடந்து, மறுபடி உள்ளே வர வேண்டும். நான் நேரம் பார்த்து நடந்தேன், பத்தொன்பது நிமிடம். முன்பு அரை நிமிடம்கூட ஆகாது. அந்தச் சாலையில் பாதி தூரத்துக்கு நடைபாதையே கிடையாது. எங்கள் தெருவில் ஒரு பாட்டி தினமும் சாயங்காலம் சக்கர நாற்காலியில் திடல் பக்கம் போய்ப் பேரப்பிள்ளைகள் விளையாடுவதைப் பார்ப்பார், அவர் போவது அன்றோடு நின்றது. பெரிய பையன்களோ கால்வாயின் குறுக்கே போகும் தண்ணீர்க் குழாய் மேல் கை விரித்து நடக்க ஆரம்பித்தார்கள். பாலம் ஆபத்து என்று மூடினால் இருக்கிற ஆபத்து குழாய்க்கும் சாலைக்கும் இடம் மாறுகிறது. மூடியவர்கள் கணக்கில் இது வருவதே இல்லை.

முதலில் எல்லாரும் செய்வதையே நாங்களும் செய்தோம், புகார் செயலியில் புகார் போட்டோம். நான் மட்டும் மூன்று போட்டேன். முதல் இரண்டும் இரண்டே நாளில் ‘தீர்வு காணப்பட்டது’ என்று மூடப்பட்டன. மூன்றாவதற்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்தது, தீர்வுக்குச் சான்றாகப் படம் ஒன்றையும் இணைத்திருந்தார்கள். திறந்து பார்த்தால் அதே இரும்புத் தடுப்பு. பாலத்தில் பிரச்சினை என்று புகார் வந்தது, தடுப்பு வைத்தாகிவிட்டது, ஆகவே தீர்ந்தது. கோபப்படுவதற்குப் பதிலாகச் சிரித்துவிட்டேன்.

அப்புறம் மனு. இருநூற்றுச் சொச்சம் கையெழுத்து, நாலு பேர் வீடு வீடாகப் போய் வாங்கியது. கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தோம். (சீட்டு வாங்காமல் எந்த மனுவையும் கொடுக்காதீர்கள். பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது அந்தத் துண்டுக் காகிதம்தான்.) ஆறு வாரம் கழித்துப் பூங்கா அலுவலகத்திலிருந்து பதில்: செடி, புல், இருக்கை எங்களுடையது, பாலம் எங்களுடையது அல்ல. கால்வாயைப் பராமரிக்கும் துறைக்குப் போனோம். தண்ணீரும் கரையும்தான் எங்களுடையது, மேலே நிற்பது எங்களுடையது அல்ல என்றார்கள். சாலையும் பாலமும் பார்க்கும் பொறியியல் பிரிவோ, அது பூங்காவுக்குள் இருப்பதால் பூங்காவுக்குத்தான் சொந்தம் என்றது. மூன்று இடத்திலும் பணிவாகத்தான் பேசினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் யாருடைய சொத்துப் பதிவேட்டிலும் அந்தப் பாலம் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத பாலத்தை மூடியது மட்டும் யார்?

அதைக் கண்டுபிடித்தது என் மகன். தடுப்பின் பின்பக்கம் எழுத்து இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னான். எட்டிப் பார்த்தால் பொறியியல் பிரிவின் சுருக்கப் பெயர், வெள்ளைப் பெயின்டில் அச்சு வைத்து அடித்தது. எங்களுக்கும் பாலத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொன்ன அதே அலுவலகம். படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இதற்குள் எட்டு மாதம் போயிருந்தது. தெருக்காரர்களின் வாட்சாப் குழுவில் பொறுமை தீர்ந்துவிட்டது, சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தடுப்பைத் தூக்கி எறிந்துவிட்டு நாமே திறந்துவிடலாம் என்று கிளம்பினார்கள். நாலு பேர் நடந்தால் பாலம் விழுந்துவிடுமா என்பது அவர்கள் கேள்வி. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

தடுத்தவர் காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர். எங்கள் சத்தத்தை எல்லாம் கேட்டுவிட்டு, “ஏம்மா, எல்லாரும் எப்ப திறப்பீங்கன்னே கேக்கறீங்களே, ஏன் மூடுனீங்கன்னு ஒருத்தராவது எழுதிக் கேட்டீங்களா?” என்றார். யோசித்துப் பார்த்தால் கேட்கவே இல்லை. எட்டு மாதம், மூன்று புகார், ஒரு மனு, எல்லாவற்றிலும் ‘உடனே திறக்கவும்’தான்.

அவர் எங்களைக் கரைக்குக் கூட்டிப் போய்க் குனிந்து பார்க்கச் சொன்னார். நடுப்பகுதியில் உத்திரம் நன்றாகவே இருந்தது. முனைகள்தான் மோசம். உத்திரம் கரையில் உட்காரும் இடத்தில் வருடக்கணக்காக இலையும் மண்ணும் சேர்ந்து, மழைத் தண்ணீர் வடியாமல் அங்கேயே ஊறிக்கொண்டிருக்கிறது. பெயின்ட் அடிப்பவன் கைக்கு எட்டாத மூலை. துரு சும்மா தூசியாக உதிர்வதில்லை, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருமனாகி, தகடு தகடாகப் பிரிந்து, பக்கத்திலிருப்பதையும் நெம்பித் தள்ளும். பாலத்தின் எடையும் அதில் நடப்பவர் எடையும் கடைசியில் போய் இறங்குவது அந்த முனைகளில்தான், அது மெலிந்தால் நடுவில் எவ்வளவு பலமாக இருந்தும் பயனில்லை. ஒரு பக்கம் கரையின் கற்களும் கொஞ்சம் சரிந்திருந்தன. வெள்ளம் போகும்போது அடித்தளத்தைச் சுற்றியுள்ள மண்ணைச் சுரண்டிக்கொண்டு போய்விடும், மேலே நிற்கிறவருக்கு அது தெரியவே தெரியாது.

நாலு பேர் கேள்விக்கும் கணக்கோடு பதில் சொன்னார். நடைபாலத்தை நாலு பேருக்காக யாரும் வடிவமைப்பதில்லை, திருவிழாக் கூட்டம் போல நெருக்கி அடித்து நின்றால் என்ன ஆகும் என்று பார்த்துத்தான் கட்டுகிறார்கள். பொதுவாகச் சதுர மீட்டருக்கு 400 முதல் 500 கிலோ வரை வைப்பார்கள், எங்கள் பாலத்தின் நாற்பது சதுர மீட்டருக்கு அது 16 முதல் 20 டன். “திறந்த அன்னைக்கு நாலு பேரா வருவீங்க? மொத்தத் தெருவும் வந்து நின்னு செல்ஃபி எடுக்கும்.” அதற்குப் பிறகு குஜராத்தின் மோர்பி தொங்கு பாலத்தைச் சொன்னார். பழுதுபார்ப்புக்காக மாதக்கணக்கில் மூடி வைத்து, 2022 அக்டோபர் 26 அன்று திறந்தார்கள், நாலே நாளில், அக்டோபர் 30 அன்று, விடுமுறைக் கூட்டத்தோடு அறுந்து விழுந்தது. 130 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

ஆக, மூடியது சரி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு எட்டு மாதம் ஆனது. ஆனால் அதைச் சொல்ல ஒரு அலுவலகத்துக்கும் வாய் வரவில்லை என்பதில் என் கோபம் இரண்டு மடங்கானது. லண்டன் மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூன் 10 அன்று திறந்து இரண்டே நாளில் மூடப்பட்டது. மறுபடி திறந்தது 2002 பிப்ரவரியில். எங்களுடையதைவிட நீண்ட அடைப்பு. ஆனால் காரணம் ஊருக்கே தெரியும்: கூட்டம் நடக்க நடக்கப் பாலம் பக்கவாட்டில் ஆடியது, ஆடினால் நடப்பவர் தடுமாறாமலிருக்க அதன் தாளத்துக்கே கால் வைக்கிறார், அதனால் இன்னும் ஆடியது. ஆட்டத்தை உறிஞ்சும் கருவிகளைப் பொருத்தி, ஆட்களை நடக்கவிட்டுச் சோதித்துவிட்டுத்தான் திறந்தார்கள். எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் கம்பியில் கட்டிய ஒரு பலகை.

ஆகவே இந்த முறை திறக்கச் சொல்லவில்லை. தகவல் கேட்டுப் பெறும் சட்டத்தின்படி ஒரு பக்க விண்ணப்பம், மூன்றே கேள்வி. பாலத்தை மூடச் சொன்ன உத்தரவின் நகல். கடைசியாக நடந்த ஆய்வு அறிக்கையின் நகல். அந்தக் கோப்பு இன்று யார் மேசையில் இருக்கிறது. ‘ஏன்’, ‘எப்போது’ என்று எழுதினால் வியாக்கியானம் கேட்கிறீர்கள் என்று திருப்பி அனுப்பிவிடலாம், காகிதமாகக் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது என்பது பொறியாளர் சார் சொல்லிக் கொடுத்த வித்தை. கூடவே தடுப்பின் பின்பக்கப் படம், பழைய மனுவின் ஒப்புகைச் சீட்டு. கெடு தாண்டியும் பதில் வரவில்லை, மேல்முறையீடு செய்த பிறகு வந்தது.

அறிக்கை இரண்டு பக்கம். கரையில் நின்று கண்ணால் பார்த்து எழுதியது. முனைகளில் துரு தெரிகிறது, முன்னெச்சரிக்கையாக மூடலாம், முப்பது நாளுக்குள் விரிவான ஆய்வு செய்ய வேண்டும் என்று முடிகிறது. அந்த விரிவான ஆய்வுக்கு யாரும் உத்தரவே போடவில்லை! முதல் அறிக்கையில் ‘நகல்: பூங்கா அலுவலகம்’ என்று இருந்தது, பூங்கா அலுவலகம் அதைத் தனக்கு வந்த வேலையாக எண்ணாமல் கோப்பில் சேர்த்துவிட்டது. அதாவது இத்தனை மாதமும் பாலம் பழுதுபார்ப்புக்காகக் காத்திருக்கவில்லை, நிதிக்காகவும் இல்லை. ஆரம்பிக்காத ஒரு ஆய்வு முடியட்டும் என்று சும்மா கிடந்தது. அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு வேகம்தான். அந்த ஒரு வரியில் அடிக்கோடு போட்டுக் கவுன்சிலரிடம் கொண்டு போனோம். இதுவரை எங்களைப் பார்த்தாலே கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்பவர், எழுத்தில் இருப்பதைக் கண்டதும் மூன்று அலுவலகத்தையும் ஒரே நாளில் பாலத்தடிக்கு வரவழைத்தார். வந்தவர்கள் முதல் அரை மணி நேரம் பாலம் யாருடையது என்றே பேசினார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் இளம் உதவிப் பொறியாளர் ஒருவர் மட்டும் கரையில் இறங்கி, ஒரு குச்சியால் உத்திர முனையில் இருந்த இலைக் குப்பையைக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வேலை நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அப்போதுதான் வந்தது.

இரண்டு வாரத்தில் ஆய்வு. சுத்தியால் தட்டிச் சத்தம் கேட்டார்கள், பசை தடவி ஒரு சின்னக் கருவியை வைத்து மீயொலியால் இரும்பின் தடிமனை அளந்தார்கள். கிட்டத்தட்ட ஒரே நாள் வேலை. நடு உத்திரங்கள் நல்லபடி, ஒரு கரையில் இரண்டு முனை மட்டும் பாதிக்கு மேல் கரைந்திருந்தது, பலகைகளில் திருகாணி போட்ட இடங்கள் உளுத்திருந்தன. புதுத் தகடு வைத்து வெல்டிங், பலகை மாற்றம், கரைக்குக் கல், தண்ணீர் வடிய வழி. மதிப்பீடும் ஒப்பந்தப்புள்ளியும் இரண்டரை மாதம் தின்றன, வேலை மூன்று வாரத்தில் முடிந்தது.

ஒன்றை முதல் நாளே கேட்டிருக்கலாம். பாலம் மூடியிருக்கிறது என்ற அறிவிப்பைப் பாலத்தில் வைக்காமல் பூங்காவின் இரண்டு வாசலிலும் வைக்கச் சொல்வது. சக்கர நாற்காலியோடு உள்ளே வந்து, பாலம் வரை தள்ளிக்கொண்டு போய், திரும்பி வருவது எவ்வளவு பெரிய கொடுமை. கள ஆய்வு நாளில் போகிற போக்கில்தான் கேட்டேன், அடுத்த வாரமே இரண்டு வாசலிலும் பெரிய பலகை வந்துவிட்டது.

திறப்பு விழா எல்லாம் இல்லை. ஒரு நாள் காலை பார்த்தால் தடுப்பு புல்லில் சாய்ந்து கிடந்தது. கைப்பிடியில் புதிதாக ஒரு தகடு, பாலத்துக்கு எண், அடுத்த ஆய்வு எந்த மாதம் என்று. பாட்டி அன்று சாயங்காலமே அந்தப் பக்கம் போனார். பொறியாளர் சார் சொன்னபடி மொத்தத் தெருவும் வந்து செல்ஃபி எடுத்தது.

பாலம் திறந்து இரண்டு மாதம் ஆகிறது. வாசலில் வைத்த அந்த இரண்டு பலகைகளையும் யாரும் எடுக்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு இன்றைக்கும் பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். போன வாரம் புகார் போட்டேன். ‘தீர்வு காணப்பட்டது’ என்று பதில் வந்திருக்கிறது.