மேடும் பள்ளமும்: டெர்மோஸ்கோப் நாட்குறிப்பு

ஜனவரி 6

கருந்தோல் உடையவர்களின் தோல் கட்டிகளை தோலை ஒளியூட்டிப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் கருவியில் பார்க்கும்போது கண்டதை அன்றன்றே எழுதி வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். நான் படித்த படநூல்களில் பெரும்பாலானவை வெளிர்ந்த தோலில் எடுத்த படங்கள். இளஞ்சிவப்புப் பின்னணியில் பழுப்புப் புள்ளி தனித்துத் தெரியும். கருந்தோலிலோ பின்னணியே பழுப்பு. எந்த நோயும் இல்லாத முன்கையில் கருவியை வைத்தாலும் நிறமியின் மெல்லிய வலை தெரிகிறது. முகத்தில் மயிர்க்கால்களைச் சுற்றி வெளிறிய வளையங்கள் தெரிகின்றன. ஆகவே கட்டியின் மேல் கருவியை வைப்பதற்கு முன், அதே ஆளின் அருகிலுள்ள நல்ல தோலை ஒரு நிமிடம் பார்த்துவிடுகிறேன். அவருக்கு எது இயல்பு என்று தெரியாமல் எது மாறியிருக்கிறது என்று சொல்ல முடியாது.

ஜனவரி 9

மூக்கின் ஓரத்தில் மூன்று ஆண்டுகளாக மெதுவாக வளர்ந்த, பளபளப்பான கரிய முடிச்சுடன் ஒரு மூதாட்டி வந்தார். வெறும் கண்ணுக்கு அது மரு போலத்தான் இருந்தது. வெளிர்ந்த தோலில், மெதுவாக வளரும் தோல் புற்றான பேசல் செல் புற்றை அடையாளம் காட்டுவது மரக்கிளை போலப் பிரியும் சிவந்த இரத்த நாளங்கள். இங்கே அவற்றை நிறமி மறைத்துவிடுகிறது. அவற்றுக்குப் பதிலாக, பத்து மடங்கு உருப்பெருக்கத்தில் சாம்பல் கலந்த நீலத்தில் முட்டை வடிவத் திட்டுகளும், ஓரத்தில் இலை விளிம்பு போன்ற பழுப்புப் பகுதிகளும் தெரிந்தன.

அந்த நீலம் எங்கிருந்து வருகிறது என்பதை நினைத்துக்கொண்டே பார்ப்பது உதவுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒன்றுதான், அது கிடக்கும் ஆழம்தான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. தோலின் மேற்பரப்பில் கருப்பு, மேல்தோலின் அடுக்குகளில் பழுப்பு, அதற்குக் கீழே சாம்பல், அடித்தோலின் ஆழத்தில் நீலம். பின்னணி எவ்வளவு கறுத்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. என்னிடம் இருந்த ஒரு தவறையும் இன்று திருத்திக்கொண்டேன்: கருவியைத் தோலில் அழுத்திப் பிடித்தால் இருக்கும் நாளங்களும் வெளிறி மறைந்துவிடும். ஜெல் தடவி மெல்ல வைத்தபோது, அல்லது தொடாமல், மேற்பரப்பின் பளபளப்பை நீக்கும் போலரைஸ்டு ஒளியில் பார்த்தபோது, ஓரிரு கிளைகள் வெளிப்பட்டன.

ஜனவரி 10

கன்னங்களில் சிறு கரும்பருக்கள் நிறைந்த ஒருவர். வெண்மணி போன்ற நுண்கட்டிகளும் அடைபட்ட துளைகளும் தெளிவாக இருந்தன, தீங்கற்றவை. அகற்றச் சொல்லவில்லை. அகற்றிய இடத்தில் தங்கும் கருமை, கருந்தோலில் பருவைவிட அதிகம் உறுத்தக்கூடும்.

ஜனவரி 21

இந்தக் குறிப்பை நிதானமாக எழுத வேண்டும். முதுகில் அரிப்பு என்று வந்தவரிடம் காலணியைக் கழற்றச் சொன்னேன். இடது குதிகாலில், கட்டைவிரல் நகத்தளவுக்கு, ஓரங்கள் சீரற்ற ஒரு கரும்படலம். "முள் குத்திய இடம், டாக்டர். தானாகப் போய்விடும்," என்றார்.

உள்ளங்கால் தோலில் கைரேகை போலவே மேடும் பள்ளமும் மாறி மாறி ஓடுகின்றன. சாதாரண மச்சத்தில் நிறமி பள்ளத்தில் கோடு போடும். நிறமிச் செல்களில் தோன்றும் புற்றான மெலனோமாவில் மேட்டில் பட்டையாகப் படியும். இதை நுணுகி ஆராய்ந்து நிலைநாட்டியவர்களில் ஜப்பானிய மருத்துவர் தொஷியாகி சைதா முதன்மையானவர். கறுத்த குதிகாலில் எது மேடு, எது பள்ளம் என்பதே முதலில் குழம்புகிறது. வழிகாட்டுபவை வியர்வைத் துளைகள். அவை மேட்டின் நடுவில் மட்டுமே திறக்கும், கோத்த முத்துகள் போல வெண்புள்ளிகளாகத் தெரியும். ஐயம் தீரப் பேனா மையைத் தடவித் துடைத்தேன். மை பள்ளங்களில் மட்டும் தங்கி மெல்லிய கோடுகளாக நின்றது. அக்கோடுகளுக்கு இடையே அகன்ற பழுப்புப் பட்டைகள், பட்டைகளின் நடுவே வெண்புள்ளிகள். நிறமி மேட்டில்தான் இருந்தது.

உடனே முடிவுக்கு வந்துவிடவில்லை. தோலடியில் உறைந்த இரத்தமும், மருதாணிச் சாயமும், சில புற்றுநோய் மருந்துகளும் மேட்டில் நிறம் சேர்க்கும். மேலும் கருந்தோல் உடையவர்களின் உள்ளங்காலில் இயல்பாகவே தோன்றும் புள்ளிகளும் இதே கோலத்தைக் காட்டக்கூடும். ஆனால் அவை வழக்கமாகப் பலவாக, இரு கால்களிலும் இருக்கும். இவருக்கு இருந்தது ஒன்றே ஒன்று, 7 மில்லிமீட்டரைத் தாண்டியது, ஓரிடத்தில் பழுப்பும் மற்றோரிடத்தில் கருப்புமாக. சோதனைக்காகச் சிறு தோல் துண்டு (பயாப்ஸி) எடுக்க வேண்டும் என்று அவரிடம் விளக்கினேன்.

ஜனவரி 30

முடிவு வந்துவிட்டது: மெலனோமா, மேல்தோலைத் தாண்டவில்லை. முழுமையாக வெட்டி எடுத்தால் போதும் என்ற நிலையில் அகப்பட்டிருக்கிறது.

சென்ற ஆண்டு இன்னொருவரின் உள்ளங்காலைப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன். மீண்டும் வந்தபோது அது புண்ணாகி, தொடையிடுக்கில் நெறிகட்டியிருந்தது. அவரைப் பற்றி நினைக்காமல் இந்த முடிவை என்னால் படிக்க முடியவில்லை. வெயில் படும் இடங்களையே தேடப் பழகிய கண், கருந்தோலில் மெலனோமா பெரிதும் தோன்றும் உள்ளங்காலையும் உள்ளங்கையையும் நகத்தையும் விட்டுவிடுகிறது.

பிப்ரவரி 4

நகத்தில் கரும்பட்டைகள். பல விரல்களில், ஒரே அகலத்தில் சீராக ஓடும் பட்டைகள் கருந்தோல் உடையவர்களிடம் மிகச் சாதாரணம், அச்சமூட்டக் கூடாது. ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகன்றுகொண்டே வருவது, கோடுகளின் நிறமும் இடைவெளியும் ஒழுங்கிழப்பது, நிறமி நகத்தைத் தாண்டி அருகிலுள்ள தோலில் பரவுவது ஆகியவைதாம் கவலைக்குரியவை. இன்று பார்த்தவரின் நகக்கண்ணில் கருமை இருப்பது போலத் தோன்றியது. உருப்பெருக்கிப் பார்த்தால், நகத்தின் நிறமே மெல்லிய தோலின் ஊடாகத் தெரிந்தது. படம் எடுத்து வைத்தேன். மூன்று மாதத்தில் ஒப்பிட வேண்டும்.

பிப்ரவரி 12

பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண். இத்தகைய தழும்பிலும் நாட்பட்ட புண்ணிலும்தான் கருந்தோலில் தோல் புற்றின் இன்னொரு வகையான செதிள் செல் புற்று அடிக்கடி முளைக்கிறது. டெர்மோஸ்கோப்பில் மஞ்சள் வெண்மையான கெரட்டின் (தோலின் கடினப் புரதம்) திரளும் இரத்தப் பொட்டுகளும் தெரிந்தன, நாளங்கள் பிடிபடவில்லை. கருவி இங்கே தரும் உதவி குறைவு. தடித்து உயர்ந்த ஓரத்தில், ஆழமாகவே, இரண்டு இடங்களில் பயாப்ஸி எடுத்து அனுப்பினேன். கிளம்பும் முன் அவரையும் காலணியைக் கழற்றச் சொன்னேன். இரு கால்களிலும் சிதறிய வெளிர்பழுப்புப் புள்ளிகள், வேறொன்றும் இல்லை.